பெருசுன்னா அடிக்கிறோம்... சின்னதுன்னா தொடுறோம்! காவிரி டெல்டா விலங்குகளின் நிஜ சைஸ் என்ன?

திருவையாறு பக்கம் வாழைத்தோப்பில் ஏழடி சாரைப்பாம்பு ஒன்று தென்பட்டால் போதும், நாலு பேர் தடியோடு வந்துவிடுவார்கள். அதே ஊரில் ராத்திரி பாய் ஓரத்தில் மூணடி நீளத்துக்கு ஒல்லியாக ஒரு பாம்பு கிடந்தால், "சின்னப் பாம்புதானே" என்று துடைப்பத்தால் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. முதலாவது விஷமே இல்லாதது. வயலில் எலி பிடித்து விவசாயிக்கு உதவுவது. இரண்டாவது கட்டுவிரியனாக இருந்தால், கடிபட்டவர் விடியும்போது மூச்சுவிட முடியாமல் தவிக்க நேரும்.

விலங்குகளின் அளவைப் பற்றி நம் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. பாடப்புத்தகப் படம், சினிமா, வாட்ஸ்அப் வீடியோ மூன்றும் சேர்ந்து போட்டுக்கொடுத்த கணக்கு அது. நிஜ விலங்கு எதிரே வரும்போது அது பெரும்பாலும் தப்பாகிவிடுகிறது. நினைத்ததைவிட பெருசாக இருந்தால் பயம் வருகிறது, விலங்கு சாகிறது. நினைத்ததைவிட சிறுசாகத் தெரிந்தால் அலட்சியம் வருகிறது, மனிதர் சாகிறார். இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளால் பெயர் பெற்ற ஊர் திருவையாறு. அரியலூர் சாலையில் வடக்கே போனால், திருமானூருக்கு முன்னால் கொள்ளிடம் குறுக்கே வரும். நெல் வயல், வாழை, கொடிக்கால், வாய்க்கால், ஆற்றங்கரை மரங்கள் என்று எல்லாமே பக்கத்து பக்கத்தில் இருக்கும் பகுதி இது. இங்கே மனிதரும் விலங்கும் ஒருவர் பாதையை ஒருவர் கடக்காத நாளே கிடையாது. இந்த மண்ணில் மக்களை அதிகம் குழப்பும் விலங்குகள் எவை? அவற்றின் நிஜ அளவு என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண் ஏன் ஏமாறுகிறது?

முதல் காரணம் மொபைல் கேமரா. கேமராவுக்கு ரெண்டடி தூரத்தில் இருக்கும் பொருள், ஆறடி தள்ளி இருக்கும் பொருளைவிட மூணு மடங்கு பெரிதாகப் படத்தில் விழும். செத்த பாம்பை நீளக் குச்சியில் தொங்கவிட்டு கேமரா பக்கம் நீட்டி, பின்னால் ஆள் நின்று எடுக்கும் போட்டோக்களில் நடப்பது இதுதான். அஞ்சடி பாம்பு பத்தடி பாம்பாகி, "எங்க ஊர்ல பிடிச்ச ராட்சதப் பாம்பு" என்று குரூப் குரூப்பாகச் சுற்றும்.

இரண்டாவது காரணம், விலங்கின் உடம்பு முழுசாகத் தெரிவதில்லை. தண்ணீரில் முதலையின் கண்ணும் மூக்கும் மட்டும்தான் வெளியே இருக்கும். தலைகீழாகத் தொங்கும் வௌவால் இறக்கையை மடித்துப் போர்த்திக்கொள்ளும். பகலில் மரத்தில் பார்த்த அதே வௌவால் மாலையில் இறக்கை விரித்துப் பறக்கும்போது, "இது வேற ஏதோ பறவை" என்று தோன்றும்.

மூன்றாவது பயம். சிலந்திக்குப் பயப்படுகிறவர்கள் அதன் அளவை நிஜத்தைவிட அதிகமாக மதிப்பிடுகிறார்கள் என்று உளவியல் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. பாம்பு விஷயத்தில் நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

வரப்பில் கிடக்கும் பாம்புச் சட்டையும் தன் பங்குக்கு ஏமாற்றும். பாம்பு தோலை உரிக்கும்போது அந்தத் தோல் இழுபட்டு நீளும். அதனால் சட்டையின் நீளம் எப்போதுமே பாம்பின் நீளத்தைவிட அதிகம். சட்டையை அளந்து "எட்டடி பாம்பு இங்க உலாவுது" என்று ஊரே பயந்து கிடக்கும். பாம்பு ஆறரை அடிதான் இருக்கும்.

சாரைப்பாம்பு: உருவம் பெருசு, ஆபத்து இல்லை

டெல்டா வயல்களில் சாதாரணமாகக் கண்ணில் படும் பாம்புகளில் நீளமானது சாரை. வளர்ந்த சாரை அஞ்சு முதல் ஆறரை அடி இருக்கும். ஏழெட்டு அடி வளர்ந்தவையும் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால், நல்லபாம்பு பெரும்பாலும் மூணு முதல் அஞ்சடிக்குள்தான். அதாவது மக்கள் அதிகம் பயப்படும் நல்லபாம்பைவிட, விஷமில்லாத சாரைதான் பல நேரம் நீளமாக இருக்கும்.

சாரையின் வேகமும் பயத்தைக் கூட்டுகிறது. ஆளைக் கண்டால் சரசரவென்று ஓடும். வழி இல்லாமல் மாட்டிக்கொண்டால் கழுத்தை உப்பவைத்து உறுமுவதுபோல் சத்தம் போடும். அதைப் பார்த்து "படம் எடுக்குது" என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். உண்மையில் சாரைக்குப் படம் கிடையாது.

இன்னொரு நம்பிக்கையும் தஞ்சை வட்டாரத்தில் பலமாக உண்டு. சாரைதான் ஆண், நல்லபாம்புதான் பெண், இரண்டும் பின்னிப் பிணையும் என்பார்கள். இது சரியில்லை. இரண்டும் வேறு வேறு இனம். சாரையிலும் ஆண், பெண் உண்டு, நல்லபாம்பிலும் ஆண், பெண் உண்டு. வயல்வெளியில் இரண்டு பாம்புகள் நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு நிற்கும் வீடியோக்களில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு ஆண் சாரைகள். நடப்பது சண்டை. ஒன்றை ஒன்று தரையில் அழுத்தி, "இது என் இடம்" என்று நிரூபிக்கும் மல்யுத்தம் அது.

சாரையை அடித்தால் நஷ்டம் யாருக்கு? நெல் அறுக்கும் முன்பே கதிரைக் கடித்து வளைக்குள் சேர்க்கும் எலிகளுக்குக் கொண்டாட்டம். எலிக்கு வைக்கும் மருந்துக்கும் பொறிக்கும் காசு செலவாகிறது. அதே வேலையைச் சாரை சம்பளம் இல்லாமல் செய்கிறது.

கட்டுவிரியன், கண்ணாடி விரியன்: அளவு ஏமாற்றும் இரண்டு பாம்புகள்

இப்போது மறுபக்கம். கட்டுவிரியன் சராசரியாக மூணடிதான். உடம்பு கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். பகலில் சாதுவாகச் சுருண்டு கிடக்கும். இரவில்தான் அதன் நடமாட்டம். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் தூக்கத்திலேயே கடிபடுவது இதனால்தான்.

இதன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு. சிலருக்குக் கடித்ததே தெரியாது. நடுராத்திரியில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார்கள். பிறகு இமைகள் தானாக மூடும், பேச்சு குளறும், மூச்சுவிட சிரமமாகும். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று கஷாயம் போட்டுக் கொடுத்து நேரத்தை வீணாக்கிவிடக்கூடாது. தரையில் படுத்தவருக்கு அதிகாலையில் இந்த அறிகுறிகள் வந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று நினைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி. கட்டிலில் படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகுவதும் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும்.

கண்ணாடி விரியன் இன்னொரு விதமாக ஏமாற்றும். குட்டையாக, தடியாக, பழுப்பு உடம்பில் சங்கிலி கோத்ததுபோல் முட்டை வடிவ வட்டங்களோடு இருக்கும். மெதுவாக நகரும். இதைப் பார்த்து "மலைப்பாம்புக் குட்டி" என்று கையில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மலைப்பாம்பின் உடம்பில் இருப்பவை ஒழுங்கில்லாத திட்டுகள். கண்ணாடி விரியனில் வட்டங்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் போனால் குக்கர் விசில்போல் பலமாகச் சீறும். ஆனால் வயல்வெளியில் நின்று இந்த வித்தியாசத்தை ஆராய வேண்டிய அவசியமே இல்லை. எந்தப் பாம்பையும் கையில் எடுக்காமல் இருந்தாலே போதும்.

"குட்டிப் பாம்புக்கு விஷம் இருக்காது" என்பதும் தவறு. நல்லபாம்புக் குஞ்சு முட்டையைவிட்டு வரும்போது ஓரடிகூட இருக்காது. கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். அந்தக் குட்டியும் ஓரடிக்குக் குறைவுதான். இரண்டுக்குமே பிறந்த நாளிலிருந்து விஷம் உண்டு.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி கிராமப்புறங்களில்தான். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக அறிவித்தது. பாம்புக்கடிக்கு எங்கே சிகிச்சை அளித்தாலும் அந்தத் தகவலை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் தரப்படுகிறது. எனவே பாம்பைத் தேடி அடித்து, பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. இந்த மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதி சென்னை அருகே வடநெம்மேலியில் இருந்து போகிறது. 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் அங்கேதான் இயங்குகிறது. சுருட்டை விரியன் ஒன்றரை அடிகூட வளராமல் இருக்கலாம். அதுவும் இந்த நான்கில் ஒன்று என்பதை நினைவில் வைத்தாலே, "சின்னப் பாம்புதானே" என்ற பேச்சு நின்றுவிடும்.

முதலை: தெரிவது தலை, மறைந்திருப்பது ஆறு பங்கு

கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது என்பது ஆற்றோர மக்களுக்குப் பழைய செய்தி. குறிப்பாக, 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்ட கீழணை இருக்கும் அணைக்கரை பகுதியும், அதற்குக் கீழே சிதம்பரம் வட்டாரத்தில் ஓடும் பழைய கொள்ளிடமும் முதலைகளுக்குப் பேர்போனவை. அந்தக் கரையோரக் கிராமங்களில் முதலை கடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கை, கால் இழந்தவர்களும் உண்டு.

இங்கே இருப்பது சதுப்பு நில முதலை அல்லது மக்கர் முதலை எனப்படும் நன்னீர் இனம். வளர்ந்த பெண் முதலை ஏழெட்டு அடி. ஆண் பத்து முதல் பதினொன்றரை அடி. அதற்கு மேலும் வளரும். ஆனால் தண்ணீரில் இருக்கும்போது இந்த நீளம் யார் கண்ணுக்கும் தெரியாது. வெளியே தெரிவது ஒரு மூக்குத்துளி, அதற்குப் பின்னால் இரண்டு கண்மேடு. மிதக்கும் தென்னை மட்டை மாதிரியோ வாழைப்பட்டை மாதிரியோதான் இருக்கும்.

முதலை ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். முதலையின் தலை நீளத்தை ஏழால் பெருக்கினால், ஏறக்குறைய மொத்த நீளம் கிடைக்கும். தலை ஓரடி தெரிந்தால் தண்ணீருக்குள் இருப்பது ஏழடி முதலை. ஒன்றரை அடி தெரிந்தால் பத்தடிக்கு மேல். "சின்ன முதலைதான், தலை இத்துணூண்டுதான் இருக்கு" என்று ஆற்றில் இறங்குகிறவர் மறந்துவிடும் கணக்கு இது.

மக்கர் முதலை முக்கியமாக மீன் தின்று வாழ்வது. மனிதரைத் தேடி வருவது அதன் வழக்கம் இல்லை. ஆனால் கரையோரம் தண்ணீர் குடிக்கும் ஆடு, மாடு, குனிந்து பாத்திரம் கழுவும் ஆள், தண்ணீரில் உட்கார்ந்து குளிப்பவர் எல்லாம் தண்ணீர் மட்டத்தில் இருக்கும் முதலையின் கண்ணுக்குத் தாழ்ந்த, சிறிய உருவமாகவே தெரியும். அளவு தப்பாகத் தெரிவது நமக்கு மட்டும் இல்லை போல.

கோடையில் மணற்கரையில் குழி தோண்டி முட்டையிடும். இரண்டு மாதம்போல் கழித்துக் குஞ்சுகள் வரும். ஒரு குஞ்சு சுமார் ஓரடி நீளம். மீன் வலையில் இப்படிக் குஞ்சு மாட்டினால் "அழகா இருக்கு" என்று வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டவர்களும் இருக்கிறார்கள். தாய் முதலை பக்கத்திலேயே காவல் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, முதலை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. குஞ்சை வைத்திருப்பதும் குற்றம்தான்.

வெள்ளக் காலத்தில் முதலைகள் ஆற்றைவிட்டு வாய்க்கால், குளம், சில நேரம் வீட்டுக் கொல்லை வரை வந்துவிடும். சிதம்பரம் வட்டாரத்தில் பிடிபடும் முதலைகளை வனத்துறையினர் வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுவது வழக்கம்.

"முதலைக் குட்டி" என்று பிடிபடுவது பல நேரம் உடும்பு

திருவையாறு பக்கம் வயலில் "முதலை வந்துடுச்சு" என்று பரபரப்பு கிளம்பினால், போய்ப் பார்க்கும்போது அது உடும்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பல்லி, ஓணான் அளவிலேயே ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வால் நுனி வரை நாலடி அஞ்சடி இருக்கும் உடும்பு அதிர்ச்சிதான். பெரிய உடும்பு ஐந்தே முக்கால் அடி வரைகூட வளரும். அதில் பாதிக்கு மேல் வால்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் நாக்கு. உடும்பு பாம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த நாக்கை வெளியே நீட்டி நீட்டி இழுக்கும். முதலையால் நாக்கை வெளியே நீட்டவே முடியாது. அதன் நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கிறது. அதேபோல் மரம், சுவர் ஏறுவது உடும்பின் வேலை. முதுகிலும் வாலிலும் வரிசையாக முள்மேடுகள் இருந்தால் அது முதலை.

உடும்புக்கு விலங்குப் பயத்தைவிடப் பெரிய ஆபத்து சமையல் சட்டி. "உடும்புக்கறி உடம்புக்கு பலம்", "உடும்பு எண்ணெய் மூட்டு வலிக்கு நல்லது" என்ற பேச்சால் பல இடங்களில் அது வேட்டையாடப்படுகிறது. முதலைக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு உடும்புக்கும் உண்டு. பிடித்தால், விற்றால், சமைத்தால் சிறைத் தண்டனைதான்.

பழந்தின்னி வௌவால்: ஒரு கிலோ உடம்பு, அஞ்சடி இறக்கை

கோயில் பிரகாரத்து இருட்டில் சடசடவென்று பறக்கும் சின்ன வௌவாலைத்தான் நமக்குத் தெரியும். அவற்றில் சில வகை சில கிராம்தான் எடை இருக்கும். ஆற்றங்கரை ஆலமரத்திலும் இலுப்பை மரத்திலும் நூற்றுக்கணக்கில் தொங்கும் பழந்தின்னி வௌவால் வேறு கணக்கு. இறக்கையை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை நாலு முதல் அஞ்சடி. பத்து வயது பிள்ளையின் உயரம் வரும். எடையோ பெரும்பாலும் ஒன்றேகால் கிலோவுக்கு முன்னே பின்னேதான். உலகின் பெரிய வௌவால் இனங்களில் ஒன்று இது.

"ரத்தம் குடிக்கும்" என்று குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். ரத்தம் குடிக்கும் வௌவால் இனங்கள் மத்திய, தென் அமெரிக்காவில்தான் இருக்கின்றன. இந்தியாவில் கிடையாது. நம் ஊர் பழந்தின்னிக்குப் பழமும் பூவில் உள்ள தேனும்தான் சாப்பாடு. சின்ன வௌவால்கள் போல ஒலி எழுப்பி எதிரொலியில் வழி கண்டுபிடிப்பதும் இதன் பழக்கமில்லை. பெரிய கண்ணும் நல்ல மோப்ப சக்தியும் அதற்கு உண்டு. முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் நரிக்குட்டி மாதிரி இருக்கும்.

வாழை விவசாயிகளுக்கு இதன் மேல் கோபம் உண்டு. ஆனால் பழந்தின்னி தேடுவது கனிந்த பழத்தை. சந்தைக்குப் போகும் வாழைத்தார் காயாக இருக்கும்போதே வெட்டப்படுகிறது. மரத்திலேயே பழுக்கவிட்ட தார்தான் அதற்குக் கிடைக்கும். பதிலுக்கு அது இலுப்பை, அத்தி, ஆல் போன்ற மரங்களின் விதையைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோய்ப் போடுகிறது. இலவ மரப் பூக்களுக்கு இரவில் மகரந்தம் சேர்க்கிறது.

நீண்ட காலம் சட்டத்திலேயே இது "தீங்கு விலங்கு" பட்டியலில் எலியோடு இருந்தது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபிறகு, பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் இரண்டாவது அட்டவணைக்கு மாறியது. ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லி வௌவால் கறி சாப்பிடுகிறவர்கள் இன்னமும் உண்டு. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. தாய் வௌவால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி போடும் என்பதால், வேட்டையில் குறைந்த கூட்டம் மறுபடி பெருக வருடக்கணக்கில் ஆகும்.

எச்சரிக்கை ஒன்றும் அவசியம். கேரளத்தில் 2018-லிருந்து அவ்வப்போது தலைகாட்டும் நிபா வைரஸ் இந்த வகை வௌவால்களில் இருக்கக்கூடியது. அதனால் கடித்துப் போட்ட பழத்தைச் சாப்பிடக்கூடாது. கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. மரத்தை வெட்டியோ வெடி போட்டோ விரட்டுவது இதற்குத் தீர்வு ஆகாது. கூட்டம் சிதறி நாலு ஊருக்குப் போகும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் சில கிராமங்களில் வௌவால்களுக்காக தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள்.

நீர்நாய்: பேரைக் கேட்டு நாயைத் தேடாதீங்க

காவிரி ஆற்றில் நீர்நாய்கள் உண்டு என்று சொன்னால் டெல்டாக்காரர்களே பலர் நம்பமாட்டார்கள். பெயரில் நாய் இருந்தாலும் நாய்க்கும் இதற்கும் உறவு கிடையாது. உருவத்தைப் பார்த்தால் பெரிய கீரிப்பிள்ளை என்று தோன்றும். ஆனால் கீரி ஒன்றரை கிலோ அளவு. நீர்நாய் 7 முதல் 11 கிலோ. மூக்கிலிருந்து வால் நுனி வரை மூன்றேகால் அடிக்கு மேல் இருக்கும். விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போன்ற சவ்வு உண்டு.

குடும்பமாகத் திரியும் விலங்கு இது. ஒன்றன் பின் ஒன்றாக நீந்தும்போது முதுகுகள் மட்டும் ஏறி இறங்கித் தெரிய, ஒரே நீளமான ஜந்து போவதுபோல் இருக்கும். ஆற்றில் அதிசய உருவம் என்று கிளம்பும் வீடியோக்களைப் பார்க்கும்போது, இந்தச் சாத்தியத்தையும் யோசித்துப் பார்க்கலாம். மீன் இருக்கும் ஆற்றில்தான் நீர்நாய் இருக்கும். மணல் அள்ளிய பள்ளமும் சாக்கடை கலந்த தண்ணீரும் அதற்கு ஆகாது. எனவே அது கண்ணில் பட்டால் ஆறு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடல்பசு: மாவட்டத்தின் தென்கோடியில் 400 கிலோ அதிசயம்

தஞ்சை மாவட்டத்தின் வடக்கே திருவையாறு என்றால், தெற்கே கடலோரத்தில் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா. இரண்டுக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர். கல்லணைக் கால்வாயில் போகும் காவிரித் தண்ணீரின் கடைமடை அந்தப் பக்கம்தான். மனோராவை ஒட்டிய பாக் விரிகுடாவில் இருக்கிறது, பேருக்கும் உருவத்துக்கும் கொஞ்சமும் பொருந்தாத கடல்பசு. மீனவர்கள் இதை ஆவுளியா என்றும் சொல்வார்கள்.

பசு என்றதும் கொம்பும் குளம்பும் மனதில் வரும். நிஜத்தில் இது வாலில் துடுப்பு உள்ள, பத்தடி வரை வளரும், 400 கிலோ வரை எடையுள்ள பாலூட்டி. மாட்டைவிட யானைக்குத்தான் கிட்டத்து உறவு. பசு என்ற பெயர் வந்தது மேய்வதால். கடலடியில் வளரும் கடற்புல்லை ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும். மூச்சுவிட சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மட்டும் வெளியே நீட்டும். படகில் போகிறவர்களுக்குத் தெரிவது அந்த மூக்கு மட்டும்தான்.

மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதால், ஒன்று வலையில் சிக்கி இறந்தாலும் பெரிய இழப்பு. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல் கடல்பசு பாதுகாப்பகம். வலையில் சிக்கிய கடல்பசுவை, வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை தருகிறது. அறுந்துபோவது அவர்களின் சொந்த வலை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த உதவியின் மதிப்பு புரியும்.

ஒரு பார்வையில் நிஜ அளவு

சாரைப்பாம்பு: 5 முதல் 6.5 அடி, சில 8 அடி. விஷம் இல்லை.
கட்டுவிரியன்: சுமார் 3 அடி. கடும் விஷம்.
கண்ணாடி விரியன்: சுமார் 4 அடி. கடும் விஷம்.
மக்கர் முதலை: 7 முதல் 11.5 அடி. தலை நீளம் போல ஏழு மடங்கு.
உடும்பு: வாலோடு 5.75 அடி வரை. ஆளைக் கண்டால் ஓடிவிடும்.
பழந்தின்னி வௌவால்: இறக்கை விரிவு 4 முதல் 5 அடி.
நீர்நாய்: வாலோடு 3.25 அடிக்கு மேல், 7 முதல் 11 கிலோ.
கடல்பசு: 10 அடி வரை, 400 கிலோ வரை.

அப்போ, பார்த்தா என்ன செய்யணும்?

முதலில் தூரம். பாம்பு என்றால் பத்தடி தள்ளி நின்று, அது போகும் வழியை விட்டுவிட்டாலே பெரும்பாலும் போய்விடும். வீட்டுக்குள் புகுந்திருந்தால் தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லலாம். நீர்நிலையில் முதலை தெரிந்தால் ஊராருக்கும் வனத்துறைக்கும் தகவல் சொல்லிவிட்டு, அந்தத் துறையில் குளிப்பதையும் துணி துவைப்பதையும் நிறுத்தவேண்டும். மீன் குடல், கோழிக் கழிவை ஆற்றங்கரையில் கொட்டினால் முதலையை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போலத்தான்.

பாம்பு கடித்துவிட்டால் 108. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது.

வீடியோ எடுத்தால் பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் ஃப்ரேமில் இருக்கட்டும். விலங்கு போனபிறகு அது இருந்த அதே இடத்தில் ஒரு செங்கல்லை வைத்து, நின்ற இடத்திலிருந்தே இன்னொரு போட்டோ எடுக்கலாம். ஒன்பது அங்குலச் செங்கல் பக்கத்தில் இருந்தால் அஞ்சடியைப் பத்தடி என்று யாரும் சொல்ல முடியாது. வனத்துறைக்கும் அந்தப் படம் உதவும்.

ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஆடிப்பெருக்குக்கு திருவையாறு படித்துறைகள் நிறைந்துவிடும். வளைகளில் தண்ணீர் ஏறுவதால் பாம்புகள் கரைக்கும் வீட்டுக்கும் வரும் பருவமும் அதுதான். நாற்றங்காலுக்குப் போகிறவர் கையில் ஒரு டார்ச், காலில் ஒரு பூட்ஸ், வீட்டில் தரையில் படுக்கிறவருக்கு ஒரு கொசுவலை. இந்த மூன்றையும் இப்போதே வாங்கி வைத்துவிடலாம்.